ஊசி போட்ட இடம் வலிக்கிறதா, நீலம் பாரிக்கிறதா? பிழை எங்கே என்று பார்ப்போம்

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கம்பம் ஊரில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். கம்பம்மெட்டு ஏறி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போகும் மதினி ஒருவர் போன மாசியில் ஜீப்புக்கு முன்னால் என் வீட்டு வாசலுக்கு வந்தார். சேலையை லேசாக விலக்கி வயிற்றைக் காட்டினார். தொப்புளுக்கு வலப்பக்கம் ரெண்டு ரூபாய்க் காசு அளவுக்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது. அதைச் சுற்றிப் பழைய மஞ்சள் தழும்புகள் வேறு. "ரெண்டு நாளா சுகர் ஊசியே போடல தாயி. போட்டா உசுரு போகுது" என்றார்.

எனக்குப் பதறியது அந்த நீலத்தைப் பார்த்து அல்ல, அந்த ரெண்டு நாளை நினைத்துத்தான். நான் செவிலியராக வேலை பார்த்தவள். இப்போது ஏழு வருடமாக நானும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். தோலுக்கு அடியில் போடும் ஊசி அவ்வளவு வலிக்க வேண்டிய அவசியமே இல்லை. வலிக்கிறது என்றால் எங்கேயோ ஒரு சின்னப் பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வலி எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று கவனித்தாலே போதும். குத்தும்போதா, மருந்து இறங்கும்போதா, மறுநாளா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசை. இன்சுலினும், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வயிற்று ஊசியும் போய்ச் சேர வேண்டிய இடம் நடுவில் உள்ள கொழுப்பு. வலியை உணரும் நரம்பு முனைகள் தோலில்தான் நெருக்கமாக இருக்கின்றன, கொழுப்பில் குறைவு. ஆள் குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும் தோலின் கனம் பெரும்பாலும் ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர்தான். ஆக, தோலைச் சட்டென்று தாண்டிவிட வேண்டும், தசையைத் தொடவே கூடாது. கீழே சொல்லப்போவதில் பாதி இந்த ஒரே கணக்கிலிருந்து வருவதுதான்.

"ஊசி உள்ளே போகும்போதே சுருக்கென்று இழுக்கிறது"

முதல் கேள்வி: இந்த ஊசி எத்தனையாவது தடவை? மதினியிடமும் இதைத்தான் கேட்டேன். "பத்து நாளா இதுதான்" என்றார்.

இன்சுலின் ஊசி முனை முடியைப் போல மெல்லியது. அதன் மேல் வழுக்கிக்கொண்டு போவதற்காக சிலிக்கோன் பூச்சு இருக்கும். ஒரு தடவை தோலுக்குள் போய் வந்தாலே அந்தப் பூச்சு தேயத் தொடங்கும், முனையும் மழுங்கும். இன்னும் சில தடவை போனால் முனை லேசாக மடங்கித் தூண்டில் மாதிரி ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலுக்குத் தெரியும். உள்ளே போகும்போது குத்திக் கிழிக்கிறது, வெளியே வரும்போது இழுத்துக்கொண்டு வருகிறது. வலியும் அதனால்தான், நீலமும் அதனால்தான். ஊசியை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அப்படித் துடைத்தால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பூச்சும் போய்விடும்.

ஒரு ஊசி ஒரு தடவைதான். சரியான விதி அதுதான், நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் தினக்கூலி வாங்கும் வீட்டில் ஒரு நாளைக்கு ரெண்டு ஊசி என்றால் எவ்வளவு பாரம் என்பதும் எனக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டும் கிடைக்காத நாளில் உங்கள் ஊசியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், சுருக்கென்ற முதல் நாளே அதைத் தூக்கிப் போடுங்கள். ஒருவர் ஊசியையோ இன்சுலின் பேனாவையோ (மருந்துக் குழாயை உள்ளே வைத்த, பேனா மாதிரியான ஊசிக் கருவி) இன்னொருவர் தொடவே கூடாது. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் சுகர் இருக்கிற வீட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசியை மாற்றினாலும் பேனாவை மாற்றிப் போடக்கூடாது, ஏனென்றால் ரத்தமும் தோல் துணுக்கும் பேனாவுக்குள் மருந்துக் குழாய் வரை பின்னோக்கிப் போக முடியும்.

ஊசி புதிதாக இருந்தும் குத்தும்போது வலித்தால், கையைப் பாருங்கள். பயத்தில் ஊசியைத் தோலில் வைத்து மெல்ல மெல்ல அழுத்துகிறீர்களா? அது தவறு. தோலில் எத்தனை நேரம் ஊசி நிற்கிறதோ அத்தனை நேரம் வலி. சட்டென்று ஒரே குத்தில் போய்விட வேண்டும், மருந்தை மட்டும்தான் மெதுவாகத் தள்ள வேண்டும். "குத்துறது வேகம், தள்ளுறது நிதானம்" என்று நான் சொல்லிக்கொடுப்பது வழக்கம். உட்கார்ந்துகொள்ளுங்கள், வயிற்றைத் தளர்த்துங்கள், மூச்சை வெளியே விடும்போது குத்துங்கள். ரோமத்தின் வேர் இருக்கும் இடத்தில் குத்தாதீர்கள். அங்கே எப்போதும் கூடுதலாகச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆண்கள் தொடையில் போடும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

ஊசியின் நம்பரையும் பார்த்து வாங்குங்கள். நம்பர் கூடினால் ஊசி மெலிசு. 30-ஐ விட 32 மெலிசு. நீளத்தில் 4 மில்லிமீட்டர் பேனா ஊசி வயது வந்த யாருக்கும் போதும், குண்டான ஆளுக்கும் போதும். "எனக்கு உடம்பு பெருசு, எட்டு எம்எம் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். தேவையே இல்லை.

"குத்தும்போது ஒன்றும் இல்லை, மருந்து இறங்கும்போது எரிகிறது"

பத்தில் எட்டுப் பேருக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடுவதுதான் காரணம் என்பேன். இது என் அனுபவக் கணக்கு. குளிர்ந்த மருந்து கொழுப்புக்குள் இறங்கும்போது எரியத்தான் செய்யும். அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். அவசரமென்றால் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். வெந்நீரில் போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலையோ பேனாவையோ ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டியதில்லை. 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பொதுவாக நாலு வாரம் வரை இருக்கும். அட்டையில் போட்டிருக்கும் நாள் கணக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிரிக்காத பாட்டில் மட்டும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், அதாவது ஃபிரிட்ஜின் நடுத்தட்டில். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோனால் மருந்து வீண். உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் போடக்கூடாது.

மலை மேல் குமுளியில் இருப்பவர்களுக்கு அலமாரியே போதும். கீழே கம்பத்தில் தகர வீட்டில் சித்திரை வைகாசியில் என்ன செய்வது? எங்கள் அப்பத்தா தயிருக்குச் செய்ததையே நான் மருந்துக்குச் செய்கிறேன். பெரிய மண்சட்டியில் ஆற்றுமணல் போட்டுத் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். அதன் நடுவில் சின்ன மண்கலயத்தைப் புதைத்து, பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூட வேண்டும். காற்று வரும் நிழலில் வைத்து, காலையும் மாலையும் மணலை நனைத்தால் போதும். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, குளிரவும் வேண்டாம். பாட்டில் கையில் எடுத்தால் இதமாக இருக்கும், போட்டால் எரியாது.

ஜீப்பில் போகிறவர்களுக்கு இன்னொன்று. சுடுசோறு தூக்குவாளியும் இன்சுலின் பேனாவும் ஒரே பைக்குள் போகக் கூடாது. மதினியின் பையில் அப்படித்தான் இருந்தது, வாளியோடு ஒட்டிக்கொண்டு. டிரைவருக்கு முன்னால் கண்ணாடி ஓரத்தில் வைப்பதும் ஆகாது. வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்து மருந்தைக் கொன்றுவிடும். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கினாலும், கலங்கலாக இருக்க வேண்டிய மருந்தில் கட்டி கட்டியாக நின்றாலும் அதைப் போடாதீர்கள். 30/70 கலப்பு இன்சுலின் போன்ற கலங்கல் மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கையில் பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை தலைகீழாகத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சலுக்கு ரெண்டாவது காரணம் ஸ்பிரிட். துடைத்த ஈரம் காயாமலே குத்தினால் ஊசியோடு ஸ்பிரிட்டும் உள்ளே போகும். பளிச்சென்று காயும்வரை பொறுங்கள். ஊதிக் காயவைக்காதீர்கள். சொல்லப்போனால் குளித்த சுத்தமான வயிற்றுக்கு ஸ்பிரிட்டே வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும். தோட்டத்து மண்ணும் வேர்வையுமாக இருந்தால் கழுவித் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு மருந்து மட்டும் எரிகிறது என்றால், அது கிளார்ஜின் என்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினாக இருக்கலாம். அந்த மருந்துக்கே கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு, சிலருக்கு அது எரியும். உங்கள் கை மேல் தப்பில்லை. மெதுவாகத் தள்ளுங்கள். ரொம்பத் தொந்தரவாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரே தடவையில் நிறைய யூனிட் போடுகிறவர்களுக்கும் எரியும். அளவைப் பிரித்து ரெண்டு இடத்தில் போடலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"ஆழத்தில் வலிக்கிறது, காலைத் தூக்கினால் தெரிகிறது"

இது தசைக்குள் போன ஊசி. பெரும்பாலும் தொடையிலும் கையிலும்தான் இப்படி ஆகும், அங்கே கொழுப்பு குறைவு. ஒல்லியான உடம்பு, எட்டு மில்லிமீட்டர் சிரிஞ்சு, நேராகக் குத்தல், மூன்றும் சேர்ந்தால் ஊசி தசையில்தான் நிற்கும்.

வலி இங்கே சின்ன விஷயம். தசைக்குள் போன இன்சுலின் சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும். தொடையில் போட்டுக்கொண்டு உடனே ஏலச்செடிக்கு நடுவில் மேடு ஏறி இறங்கினால் இன்னும் வேகம். பத்து மணிக்குக் கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லும் பெண்களில் சிலருக்கு விஷயம் இதுதான். அதிலும் வீட்டில் ஊசி போட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் ஜீப்பில் போய், தோட்டத்தில் இறங்கித்தான் சாப்பாடு என்றால் லோ சுகர் வராமல் என்ன செய்யும்? சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்னால் போட வேண்டும் என்று உங்கள் மருந்துக்கு உரிய கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாப்பிடும் இடத்தில் போடுங்கள். இடுப்பில் நாலு சர்க்கரை மிட்டாயோ வெல்லக்கட்டியோ முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்து வேலை செய்யும் நாளில் வயிறுதான் நல்ல இடம். 4 மில்லிமீட்டர் பேனா ஊசியை நேராகக் குத்தலாம், தோலைத் தூக்க வேண்டியதில்லை. ரொம்ப ஒல்லியான ஆள் என்றால் மட்டும் லேசாகத் தூக்கிக்கொள்ளுங்கள். சிரிஞ்சாக இருந்தால் தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போடுங்கள், ஒல்லியாக இருந்தால் சாய்த்தும் குத்துங்கள். தூக்குவது எப்படி என்பதில்தான் நிறையப் பேர் பிசகுகிறார்கள். ஐந்து விரலும் சேர்த்து அள்ளிப் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும், வேண்டுமானால் நடுவிரலும். பூரி மாவில் ஒரு உருண்டை கிள்ளுகிற மாதிரி. கிள்ளின இடம் வெளுக்கும் அளவுக்கு இறுக்காதீர்கள், அதனாலேயே நீலம் பாரிக்கும். ஊசியை எடுத்த பிறகுதான் விடவேண்டும்.

"ஊசியை எடுத்ததும் மருந்து வெளியே வழிகிறது"

சீக்கிரம் எடுத்துவிடுகிறீர்கள். பேனாவில் பொத்தான் முழுதும் அமுங்கிய பிறகு ஒன்றிலிருந்து பத்து வரை நிதானமாக எண்ணிவிட்டு, குத்தின அதே கோணத்தில் நேராக எடுங்கள். பேனாவில் ஊசியை மாட்டியே வைக்காதீர்கள், மருந்து கசியும், காற்று உள்ளே போகும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு யூனிட் வைத்துக் காற்றில் ஒரு தடவை தள்ளிப் பார்த்து, முனையில் ஒரு சொட்டு வந்த பிறகே உங்கள் அளவை வையுங்கள்.

ஒரு சொட்டு ரத்தம் வருவதற்கெல்லாம் பயப்படாதீர்கள். சின்ன நாளம் ஒன்றில் பட்டிருக்கும். அதனால் மருந்து வீணாகிவிட்டதாக நினைத்துத் திரும்ப ஒரு தடவை போடுவதுதான் ஆபத்து. அப்படிப் போடவே போடாதீர்கள்.

"போட்ட இடம் மறுநாள் நீலமாகிவிடுகிறது"

தோலுக்கடியில் ஒரு நாளம் உடைந்து ரத்தம் கசிந்து நிற்கிறது, அவ்வளவுதான். சிவப்பு, கருநீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ரெண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும். பார்க்கத்தான் பயம். ஊசியைச் சரியாகப் போட்டாலும் எப்போதாவது ஒன்று இப்படி ஆகும். அடிக்கடி ஆனால்தான் காரணம் தேட வேண்டும். பெரிய காரணம் தேய்ப்பது.

நம் ஊரில் ஊசி போட்டதும் கை தானாகத் தேய்க்கப் போகும். சின்ன வயதில் இடுப்பில் போட்ட ஊசியைப் பரபரவென்று தேய்த்துவிட்ட பழக்கம். தோலுக்கடி ஊசிக்கு அது கூடாது. பஞ்சை வைத்து அழுத்துங்கள், அசைக்காமல் ஒரு நிமிடம். ரத்தம் இளக மாத்திரை எடுப்பவர்கள் ரெண்டு மூன்று நிமிடம்.

ஒரு பெரியவர் கதையைச் சொல்ல வேண்டும். காலில் ரத்தம் உறைந்துபோய் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்து வந்தார். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எனாக்சபாரின் ஊசி, ரெண்டு வேளை, வயிற்றில். வீட்டுக்கு வந்த நாலாவது நாள் என்னைக் கூப்பிட்டார்கள். தொப்புளைச் சுற்றி வயிறு முழுக்க நாவல்பழம் நசுக்கிவிட்ட மாதிரி இருந்தது. மகன்தான் ஊசி போடுகிறான், நன்றாகத்தான் போடுகிறான். போட்டு முடித்ததும் பெரியவர் உள்ளங்கையால் சுழற்றிச் சுழற்றித் தேய்க்கிறார். "ஏன்ப்பா, தேய்க்கக் கூடாதுன்னு சொல்லலையா?" என்றேன். "அப்படி ஒண்ணும் சொல்லலையே. அந்த சிஸ்டர் பொண்ணு 'திரும்மருது, திரும்மருது'ன்னுதான் தினமும் சொல்லுச்சு. நானும் திரும்பாம அசையாமத்தான் படுத்துக் கெடந்தேன்" என்றார். மலையாளத்தில் திரும்முவது என்றால் தேய்ப்பது, நீவிவிடுவது. "தேய்க்காதீங்க" என்று அந்தப் பெண் தினமும் சொல்லியிருக்கிறாள். இவர் காதில் "திரும்பாதே" என்று விழுந்திருக்கிறது. ரெண்டு பேரும் நல்லவர்கள்தான், நடுவில் ஒரு சொல் புரண்டுவிட்டது. எல்லையில் வாழ்கிற நமக்கு இது நடக்கும். அங்கே சிகிச்சைக்குப் போகிறவர்கள் "ஒரு தடவ செய்து காட்டுங்க சிஸ்டர்" என்று கேட்டு, கையால் செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த வயிற்று ஊசிக்கு முறை கொஞ்சம் வேறு. ரத்தத்தை உறைய விடாமல் செய்கிற மருந்து அது, கொஞ்சம் நீலம் வரவே செய்யும். அதைக் குறைக்கலாம். மல்லாந்தோ சாய்ந்தோ படுத்துக்கொள்ளுங்கள். தொப்புளிலிருந்து ரெண்டு அங்குலமாவது தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில், காலையில் இடது, மாலையில் வலது என்று மாற்றுங்கள். பழைய நீலத்தின் மேல் குத்தாதீர்கள். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் ஒரு காற்றுக் குமிழ் இருக்கும். முழு அளவும் போடுகிறவர்கள் அதை வெளியேற்ற வேண்டாம். கடைசிச் சொட்டு மருந்தையும் உள்ளே தள்ளுவதற்காகவே விட்டிருக்கிறார்கள். இந்த ஊசிக்குத் தோல் மடிப்பைப் பிடித்துக்கொண்டு முழு நீளத்தையும் நேராக இறக்க வேண்டும். மருந்து போய், ஊசி வெளியே வரும்வரை மடிப்பை விடக்கூடாது. தள்ளுவதில் அவசரமே வேண்டாம். நான் முப்பது வரை எண்ணச் சொல்கிறேன். அந்தப் பெரியவரின் மகன் எண்ணுவதை நிறுத்தவே இல்லை, பேத்தியும் கூடச் சேர்ந்து எண்ணுவாள். போடுவதற்கு முன் துணியில் சுற்றிய ஐஸை ரெண்டு மூன்று நிமிடம் வைத்தால் வலியும் குறையும். இன்சுலின் போட்ட இடத்தில் இந்த ஒத்தடமெல்லாம் வேண்டாம், குறிப்பாகச் சூட்டு ஒத்தடம். சூடு பட்டால் இன்சுலின் வேகமாகக் கலக்கும்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு நீலம் கூடுதலாகத்தான் வரும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீலத்துக்கு பயந்து நிறுத்தினால் இதயத்துக்கோ மூளைக்கோ ஆபத்து வரும். ஆனால் நீலம் நாளுக்கு நாள் பரவிக்கொண்டே போனாலோ, உருண்டையாக வீங்கிக் கெட்டிப்பட்டாலோ, ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், தார் மாதிரிக் கறுப்பாக மலம் என்று எதையாவது கண்டாலோ, அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் போய்விடுங்கள்.

"எனக்கு வலியே இல்லை, ஆனால் சுகர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது"

இதைத்தான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி என்று நான் சொல்வேன். வலிக்காததால் யாரும் காட்டுவதே இல்லை.

ஒரே இடத்தில் மாதக்கணக்காகப் போட்டால் அங்கே கொழுப்பு தடித்துத் திட்டாகிவிடும். அந்தத் திட்டில் வலி தெரியாது. வலி தெரியாததால் கை தேடித் தேடி அங்கேயே போகும். போகப் போகத் திட்டு இன்னும் தடிக்கும். அதற்குள் போன இன்சுலின் ஒரு நாள் கொஞ்சம் கலக்கும், ஒரு நாள் கலக்காது. சுகர் ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார், அதையும் அந்தத் திட்டுக்குள்ளேயே போடுவார்கள்.

இப்போதே பாருங்கள். வெளிச்சத்தில் நின்று வயிற்றைப் பக்கவாட்டில் பாருங்கள், எங்காவது மேடு தெரிகிறதா? கையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி, ஊசி போடும் இடமெல்லாம் விரல் நுனியால் மெதுவாக வழித்துக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் நெகிழ்ந்து போகும். திட்டு இருந்தால் விரல் தட்டும், உள்ளே ரப்பர் இருக்கிற மாதிரி. நல்ல தோலைக் கிள்ளினால் ரெண்டு விரலும் நெருங்கி வரும், திட்டைக் கிள்ளினால் நெருங்காது.

இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், பல மாதம். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. திட்டிலிருந்து நல்ல இடத்துக்கு மாறினால் அதே அளவு மருந்து முழுதாக வேலை செய்யும். சுகர் தடாலென்று இறங்கிவிடும். அதனால் மாறுவதற்கு முன் டாக்டரிடம் திட்டைக் காட்டி அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள், மாறிய முதல் வாரம் அடிக்கடி சுகர் பாருங்கள்.

திட்டு வராமல் இருக்க இடம் மாற்ற வேண்டும். வயிற்றை நாலு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள்ளும் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். எங்கள் தெருவில் ஒரு சித்தி காலண்டர் தாளில் நாலு மூலைக்கும் கம்பம், கூடலூர், லோயர்கேம்ப், குமுளி என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். "இந்த வாரம் லோயர்கேம்ப்" என்பார். அவர் வயிற்றில் ஒரு திட்டு கிடையாது.

"ரெண்டு பக்கத்திலும் மருந்து வாங்குகிறோம், அளவு குழம்புகிறது"

இது வலியைப் பற்றியது இல்லை, ஆனால் வலிக்குப் பயந்து ஊசியை மாற்றுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் எடுத்தால் ரெண்டரை மடங்கு குறைவாகப் போகும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் எடுத்தால் ரெண்டரை மடங்கு கூடுதலாகப் போகும், உயிருக்கே ஆபத்து. பேனா உடைந்துவிட்டது என்று அதன் குழாயிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மேலே ஒரு டாக்டர், கீழே ஒரு மருந்துக்கடை என்று வாங்குகிறவர்கள் பழைய அட்டையையும் பழைய சிரிஞ்சையும் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

"சிவந்து, சூடாக, வீங்கியிருக்கிறது"

போட்ட கொஞ்ச நேரத்தில் லேசாகச் சிவந்து அரித்து அடங்கிவிட்டால் பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நாளாக ஆகச் சிவப்பு பரவி, தொட்டால் சுட்டு, சீழ் கட்டி, காய்ச்சலும் வந்தால் கிருமி போயிருக்கிறது. சுகர் உள்ள உடம்பில் அது காத்திருக்காது, அன்றே போய்க் காட்டுங்கள். ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டினால் 108-க்கு அடியுங்கள்.

மதினிக்கு அன்று காலை செய்தது ரொம்பக் கொஞ்சம். புது ஊசி ஒன்று மாட்டினேன், பேனாவைக் கையில் உருட்டினேன், நீலத்திலிருந்து நாலு விரல் தள்ளி இடது பக்கம் காட்டினேன். சாப்பாடு என் வீட்டிலேயே, ரெண்டு இட்லி. அவரே போட்டுக்கொண்டார். பத்து எண்ணி முடித்து ஊசியை எடுத்துவிட்டு, "போட்டாச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பழைய ஊசியை என்ன செய்வதென்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குப்பையிலோ ஏலச்செடித் தூரிலோ போடாதீர்கள், வெறுங்காலோடு களை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் போட்டு வாருங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை இறுக்கி, மேலே "ஊசி" என்று எழுதி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.